எண் கேட்ட கட்டத்தில் ‘பாத்துக்கலாம்’

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம். அங்கே கம்ப்யூட்டர் வேலைநிறுத்தம் செய்கிறது என்று டீக்கடையில் பேச்சு. ஊழியர்களே துணியாத காரியமாயிற்றே என்று விசாரிக்கப் போனேன்.

வேலைநிறுத்தமெல்லாம் இல்லை. அங்கே புரோகிராம் எழுதும் ஹில்டா ‘நிம்’ என்ற கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். திருமுல்லைவாயில்காரர். ஒவ்வொரு ஷிஃப்டிலும் எத்தனை உதிரிபாகம் ரிஜெக்ட் ஆனது என்று கூட்டிச் சொல்லும் புரோகிராமை மூன்று வருடம் முன்பு பைத்தான் மொழியில் எழுதியவர். ஷாப் ஃப்ளோருக்கு இப்போது கொடுத்த பழைய கணினிகளில் பைத்தான் ஏறவில்லை. நிம்மில் எழுதினால் ஒரே கோப்பாகக் கொண்டுபோய் வைத்துவிடலாம். பார்க்கவும் பைத்தான் ஜாடை. ஒரு வாரம் போதும் என்று ஒப்புக்கொண்டார்.

ஜாடையை நம்பினால் வேறென்ன ஆகும்? எண்ணுக்கு ஒதுக்கிய இடத்தில் எழுத்தை வைத்தால், ஓடுவதற்கு முன்பே நிம் மறுத்துவிடுகிறது. சூப்பர்வைசர்கள் நிரப்பும் தாளிலிருந்து வருவதெல்லாம் எழுத்தாகத்தான் வரும், எண்ணும்கூட. எண்ணாக மாற்றச் சொல்லி ஒரு வரி சேர்த்தார். ஓடியது, நான்காவது கட்டத்தில் நின்றது. அங்கே ‘பாத்துக்கலாம்’ என்றிருந்தது.

டீக்கு மணியடித்துவிட்டால், எண்ணாத கட்டத்தில் அப்படி எழுதிவிட்டுப் போவது சூப்பர்வைசர்களின் வழக்கம். திரும்பி வந்து எண்ணுவது வழக்கமில்லை.

“பழசு கம்முனு முழுங்கிச்சு. இதுக்கு மட்டும் இன்னாமா வாய்?” என்றார் சூப்பர்வைசர் தங்கராஜ்.

எப்படி முழுங்கியது என்று ஹில்டா பழையதைத் திறந்து பார்த்தார். எண் இல்லையென்றால் பூஜ்யம் என்று ஒரு வரி. எழுதியது அவரேதான்.

அந்தப் பூஜ்யங்களில் தங்கராஜ் குறைந்த ரிஜெக்டுக்கென்று மூன்று கேடயம் வாங்கியிருந்தார். கட்டம் தவறாமல் எண்ணி எழுதும் இன்னொரு சூப்பர்வைசர் அப்துல் ரசாக்தான் எப்போதும் கடைசி. இந்த மாதமும் கடைசியென்றால் பூந்தமல்லி குடோனுக்கு மாற்றம் என்று சொல்லியிருந்தார்கள்.

“பூஜ்யமே போட்டு முடிம்மா, திங்கக்கெழம ரிப்போர்ட் போவணும்” என்றார் தங்கராஜ்.

ஹில்டா போடவில்லை. ‘எண்ணப்படவில்லை’ என்று தனி வரிசை வைத்தார். அறிக்கையில் தங்கராஜ் பெயருக்கு எதிரே அந்த வரிசை நீண்டது. ரசாக்கின் மாற்றம் நின்றது. தங்கராஜ் ஹில்டாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

கேன்டீனில் ரசாக் தேடி வந்தார்.

“உன் புது புரோகிராம் கரீட்டா புட்சிச்சும்மா. பழச எய்துன ஆளு யாரு? மூணு வருசம் என்ன மண்டு ஆக்கி வெச்சிகீறான். ரெண்டு வார்த்த கேக்கணும்.”

ஹில்டா வாயைத் திறந்தார்.

“சாப்டீங்களாண்ணா?”

இது நடந்து இருபது நாளாகிறது. ரசாக்குக்குப் பதில் இன்னும் பாக்கி.