மெயினை அணைத்துவிட்டுப் போனவர்

4817. மாடி வீட்டு மின் மீட்டரில் இந்த எண் எழுபத்து மூன்று நாட்களாக அசையவே இல்லை. வேறொரு வீட்டுக்காரியாக இருந்தால் நாலு பேரிடம் விசாரித்திருப்பாள். இவள் மீட்டரைப் பார்த்தாள், அதோடு சரி. இருபத்தொன்பது வருடம் வீடு வீடாக ஏறி இறங்கி மின் கணக்கு எடுத்தவள். சொந்தப் பெயர் ஓய்வூதியப் புத்தகத்தில் மட்டும் இருந்தது. தெருவுக்கு அவள் மீட்டரம்மா.

கதவைத் தட்டாமலே உள்ளே நடப்பதைச் சொல்லிவிடுவாள் என்று வேலைக்காலத்தில் அவளுக்குப் பெயர். சக்கரம் சுற்றுகிற வேகத்தை வைத்தே வீட்டுக்கு விருந்தாளி வந்திருப்பதைக் கண்டுபிடிப்பாள். பூட்டின வீட்டுக்கென்று ஒரு சொந்தச் சட்டமும் வைத்திருந்தாள்: ஃபிரிட்ஜ் மட்டும் ஓடினால் ஆள் ஊருக்குப் போயிருக்கிறான், மெயினையே அணைத்திருந்தால் வீட்டை விட்டே போய்விட்டான். அப்படிப்பட்ட வீடுகளுக்கு நேராகப் புத்தகத்தில் ‘ஆளில்லை’ என்று எழுதுவாள். ஒருமுறைகூட அதை அடித்துத் திருத்த வேண்டி வந்ததில்லை.

மாடியில் மெயின் அணைந்திருந்தது.

அங்கே ஆறு வருடமாகக் குடியிருந்தவர் பல்காரர். பல் மருத்துவமனைகள் அனுப்பும் அளவுகளை வைத்துப் பல் செட் செய்பவர். ஐம்பது வயது, ஒண்டிக்கட்டை. மாதம் பிறந்தால் வாடகையை வாசலில் நின்றே கொடுத்துவிட்டு, “வரேம்மா” என்பார். ஆறு வருடத்தில் இருவருக்கும் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

அவர் காணாமல் போன ஐந்தாவது வாரத்தில் மீட்டரம்மாவின் மகள் வந்து இறங்கினாள், இரண்டு பெண் பிள்ளைகளோடும் மூன்று பைகளோடும். ஏதோ ஒரு சண்டையில் மருமகன் அவளுடைய துணிமணி, தையல் மெஷின், பிள்ளைகளின் புத்தகம் எல்லாவற்றையும் தெருவில் கொண்டுபோய் வைத்துவிட்டு உள்ளே தாழ் போட்டுக்கொண்டானாம். மீட்டரம்மா மூன்று நாள் அவனுடைய ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினாள்.

கீழ்வீடு ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. நாலு பேர் படுத்தால் கதவைத் திறக்க முடியாது. மகளுக்குத் துணிக்கடையில் பில் போடும் வேலை கிடைத்தது. பிள்ளைகளைப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்தாயிற்று. “மாடி ரூம் மட்டும் இருந்தா, நான் திரும்பிப் போகவே வேண்டாம்மா” என்று ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள். ஒரு தடவைதான் சொன்னாள். அம்மாவுக்கு அது போதும்.

நீதிமன்றத்தில் எழுத்தராக இருக்கும் தம்பி ஞாயிற்றுக்கிழமை வந்தபோது விஷயத்தை அவிழ்த்தாள்.

“அக்கா, பூட்டுல மட்டும் கை வைக்காத” என்றான் அவன். “முதல்ல எழுத்துல ஒரு நோட்டீஸ். ஒண்ணு கதவுல ஒட்டு, ஒண்ணு தபால்ல போடு. ஒப்பந்தத்துல அவசரத்துக்குன்னு யார் பேராவது கொடுத்திருப்பார், அங்க கேளு. கெடு முடிஞ்சும் பதில் வரலைன்னா ரெண்டு சாட்சியோட திற. ஒவ்வொரு சாமானையும் போட்டோ எடு, பட்டியல் போடு, கட்டி ஓரமா வை. எதையும் விக்காத, எறியாத.”

“ஏன்டா, அந்தாளுக்குக் கல்யாணமா பண்ணி வைக்கப்போறேன், இத்தனை சடங்கு சொல்ற?”

“அவர் திரும்பி வந்துட்டா?”

“வரமாட்டார். மெயின் அணைஞ்சிருக்கு.”

“அது உன் மீட்டர் புக்கு. கோர்ட்டுல அது செல்லாது.”

“நீ இருபது வருஷமா கோர்ட்டுல ஃபைல் தூக்கற. ஒரு கேஸாவது முடிஞ்சு பாத்திருக்கியா?”

தம்பி காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். ஒப்பந்தத் தாள் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தது. அதை எடுக்க வேண்டுமென்றால் பெட்டிமேல் அடுக்கியிருந்த மகளின் மூன்று பைகளையும் இறக்க வேண்டும். அவள் இறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை, மகள் வேலைக்குப் போன பிறகு, பூட்டுக்காரனையும் பழைய சாமான்காரனையும் வரவழைத்தாள். கதவு திறந்தது. கட்டில், ஒரு மேசை, மூடி வைத்த சிறிய மெஷின், கொடியில் இரண்டு சட்டை. சுவர் முழுக்கப் பலகை அடித்து வரிசையாக வெள்ளைப் பிளாஸ்டர் தாடைகள். மேல் தாடை, கீழ் தாடை, பல் போன தாடை. ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலில் ஒரு பெயரும் செட் கொடுக்க வேண்டிய தேதியும்.

“இத்தனை வாய் இருக்கே, வீட்டுக்காரர் எங்க போனார்னு ஒண்ணாவது சொல்லுதா பாருங்க” என்றான் சாமான்காரன்.

அவளும் சிரித்துவிட்டாள். கையில் எடுத்த தாடையின் அடியில் இருந்த தேதி அடுத்த மாதத்துத் தேதி. அதைப் பார்க்கத்தான் செய்தாள். ஓடிப்போகிறவன் அடுத்த மாதத்துக்கு வேலை ஒத்துக்கொள்வானா என்று மனசுக்குள் ஒன்று கேட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பள்ளியிலிருந்து வந்த சின்னப் பேத்தி கீழே இருந்து “பாட்டி, பசிக்குது” என்று கத்தினாள். தாடையைச் சாக்குக்குள் போட்டாள்.

மெஷினையும் கட்டிலையும் சாமான்காரன் எடுத்துக்கொண்டான். பிளாஸ்டரை யாரும் வாங்கமாட்டார்கள் என்று, வழியில் தோண்டியிருந்த பள்ளத்தில் கொட்டிவிட்டான். மகளிடம் “அவரே காலி பண்ணிட்டார்” என்று சொன்னாள். அன்று இரவு பிள்ளைகள் கை காலை நீட்டிப் படுத்தார்கள்.

பத்தொன்பதாம் நாள் பல்காரர் வந்தார். இரண்டு கக்கத்திலும் ஊன்றுகோல். ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார். மாடிக் கதவைத் திறந்தவள் மகள்.

பக்கத்து ஊருக்குப் பொருள் வாங்கப் போன இடத்தில் லாரி மோதியிருக்கிறது. இடுப்பு எலும்பு முறிந்து, இரண்டு அறுவை சிகிச்சை. கைபேசி அங்கேயே நொறுங்கிவிட்டது.

“ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?” என்றாள், பின்னாலேயே படியேறி வந்த மீட்டரம்மா. குரல் கொஞ்சம் ஓங்கியே வந்தது.

“உங்க நம்பர் மனப்பாடமா தெரியாதும்மா. நான் செட் செஞ்சு கொடுக்கிற பல் ஆஸ்பத்திரிக்குத் தகவல் சொல்லச் சொன்னேன். நீங்க அங்க கேப்பீங்கன்னு நினைச்சேன். ஒப்பந்தத்துல அந்த நம்பர்தானே எழுதிக் கொடுத்தேன்.”

“மெயினை அணைச்சுட்டுப் போனீங்களே?”

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. “ஒரு மணி நேரம் வெளிய போனாலும் அணைச்சுடுவேன்மா. மெஷின் சூடாகிற மெஷின்.” பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார். “தாடை அச்சு எல்லாம் எங்கம்மா?”

அவள் சொன்னாள். அவர் திட்டவில்லை. படியிலேயே மெல்ல உட்கார்ந்தார். “பதினோரு பேர் பல்லில்லாம காத்துக்கிட்டு இருக்காங்க. எல்லாருக்கும் மறுபடி அளவெடுக்கணும். இனிமே எனக்கு யார் வேலை கொடுப்பா?” என்றார்.

வாடகைத் தகராறு அலுவலகத்தில் பல்காரரின் புகாரை விசாரித்த அதிகாரி சின்ன வயசுப் பெண். ஒப்பந்தத் தாளில் மூன்றாவது வரியில் விரலை வைத்தாள்.

“இந்த நம்பருக்கு ஒரு தடவை கூப்பிட்டீங்களா?”

“இல்ல மேடம். நான் இருபத்தொன்பது வருஷம் மீட்டர்...”

“கூப்பிட்டீங்களா, இல்லையா?”

“இல்லை.”

பத்து நாளில் அறையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், பொருள் நஷ்டத்துக்குத் தனி விசாரணை என்று எழுதிக் கொடுத்தாள். வெளியே வந்ததும் தம்பி, நான் அப்பவே சொன்னேன் என்று சொல்லாமல் வந்தான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

வீட்டில் மகள் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“எங்கடி கிளம்பற? கீழேயே எல்லாரும் சமாளிச்சுக்கலாம்.”

“என் சாமானை அவர் தெருவுல வச்சப்போ நீ என்னம்மா திட்டு திட்டின! ஏழு தலைமுறையையும் இழுத்தியே.”

“உனக்காகத்தான்டி செஞ்சேன்.”

“தெரியும். அதனாலதான் இருக்க முடியல. அந்த மனுஷன் மாடியில கோல் ஊன்றி நடக்கிற சத்தம் கேட்டுக்கிட்டு எனக்கு இங்க சோறு இறங்காதும்மா.” முடிச்சை இறுக்கினாள். “பிள்ளைங்க அப்பாவுக்குப் போன் பண்ணிட்டேன். வரச் சொன்னார்.”

“மறுபடி தூக்கி வெளிய வச்சா?”

மகள் அடுத்த பையை இழுத்தாள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மருமகன் வண்டி கொண்டுவருகிறான்.