செபஸ்தியாம்பிள்ளை ஊற்றாத கிளாஸ்

எங்கள் பங்குக் கோவிலில் இந்த வருடம் மலர் ஒன்று போடுகிறார்களாம். லண்டனில் அறுபது வயது தாண்டிய தமிழர்களின் வாழ்க்கைக் குறிப்புகளாம். என் மனுசன் செபஸ்தியாம்பிள்ளையைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதித் தாங்கோ மேரிசாந்தி என்று வந்து நின்றார்கள். எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுதி முடித்தபின் பார்த்தால் நாலு வரியும் இல்லை, நல்லதாகவும் இல்லை. அவர்கள் இதைப் போடமாட்டார்கள். போடாவிட்டால் போகட்டும்.

அவருடைய ஊரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் போதும், எங்கள் சனம் மிச்சத்தைத் தானாகக் கணக்குப் போட்டுவிடும். அதற்கென்றே ஒரு கேள்வி வைத்திருக்கிறது. "ஊரிலை எவடம்?" என்று கேட்கும். ஊர் தெரிந்ததும் "அதிலை எந்தப் பக்கம்?" என்று கேட்கும். அதற்கும் பதில் வந்துவிட்டால் முகத்தில் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், அந்தச் சிரிப்பை எங்கே கண்டாலும் எனக்குத் தெரியும். நான் பிறந்த வீட்டிலேயே பார்த்து வளர்ந்தது. அந்த வீட்டை எதிர்த்துத்தான் இவரைக் கட்டினேன்.

தொண்ணூறில் இவர் லண்டன் வந்தார். அகதி விண்ணப்பம், பெற்றோல் செட்டில் ஷிப்ட், வெம்பிளியில் ஐந்து பேரோடு ஓர் அறை. எல்லாருக்கும் உள்ள கதை, விடுங்கள். தொண்ணூற்றேழில் கிடைத்த வேலைதான் இவருக்கென்று கிடைத்தது. வைட்சப்பல் பக்கம் ஓர் ஒடுங்கிய ஒழுங்கைக்குள் யூதர்களின் சின்னச் செபக்கூடம் ஒன்று. அதற்குக் காவலாளி. திறக்க, கூட்ட, கதிரை அடுக்க, பூட்ட. இருபத்திரண்டு வருடம் செய்தார்.

வெள்ளி பொழுதுபட்டால் யூதர்களுக்கு ஓய்வுநாள். லைட் போடக்கூடாது, ஹீற்றர் போடக்கூடாது, போடச்சொல்லி மற்றவனிடம் கேட்கவும் கூடாது. ஆகவே செயலாளர் கப்லன் வாசலில் நின்று, "மிஸ்டர் செபா, இன்றைக்குக் கொஞ்சம் குளிர்போல" என்று காற்றோடு பேசுவாராம். இவர் போய் ஹீற்றரைப் போடுவார். முன்பு இருந்த காவலாளிக்கு இதைப் பழக்க மூன்று மாதம் எடுத்ததாம். இவருக்கு ஒரு நாள்கூடத் தேவைப்படவில்லை. ஒன்றையும் நேரே சொல்லாத சனத்துக்குள் பிறந்து வளர்ந்த மனுசனுக்கு இதைப் படிப்பிக்கவா வேண்டும்!

நேரே சொன்னது ஒன்றே ஒன்றுதான். அதைச் சொன்னது கப்லனின் மனைவி. வேலைக்குப் போன முதல் நாளே கூப்பிட்டு, "எங்கள் வைனை நீங்கள் திறக்கக் கூடாது, ஊற்றவும் கூடாது. யூதர் அல்லாத கை பட்டால் நாங்கள் அதைக் குடிப்பதில்லை. பழைய சட்டம். சொல்லாமல் விட்டால் வேறு மாதிரி நினைப்பீர்கள் என்றுதான் சொல்கிறேன்" என்றாராம். அன்று வீட்டுக்கு வந்தவர் சோற்றுக் கோப்பையில் கை வைக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கேயுமா என்று கத்தினேன்.

"கத்தாதை சாந்தி. எனக்கும் முதல் கோவம்தான் வந்தது. பிறகு யோசிச்சன். என்னை மறிச்சவையிலை காரணம் சொல்லி மறிச்ச முதல் ஆள் அந்த மனுசிதான்."

இனி என் அக்கா. பெர்னடெற் என்று பெயர், சட்டனில் பெரிய வீடு. கலியாணத்துக்கு வரவில்லை. பிள்ளை பிறந்தபின் வந்தாள், பிறகு வருடத்துக்கு இரண்டு மூன்று தரம் வருவாள். கொஞ்சுவாள், சிரிப்பாள், சீலை தருவாள். ஆனால் முப்பத்தொரு வருடத்தில் எங்கள் வீட்டில் ஒரு மிடறு தண்ணீர் குடித்ததில்லை. "இப்பதான் தேத்தண்ணி குடிச்சிட்டு வெளிக்கிட்டனான்" என்பாள். தவசுகாலம், உபவாசம் என்பாள். பல்லுக்கொதி, வாயில் ஒன்றும் வைக்க ஏலாது என்பாள். பிறகு சுகர் வந்ததோ இல்லையோ, அவளுக்கு நல்ல வசதியாகப் போய்விட்டது. கோவில் பூசையில் மட்டும் ஒரே கிண்ணத்து வைனில் ஊர்ச்சனம் முழுக்க வாய் வைத்ததே, அதைக் குடிக்கச் சுகர் தடையில்லை.

இவருக்கு இது விளங்காது என்றுதான் நான் முப்பத்தொரு வருடமும் நினைத்திருந்தேன். ஒவ்வொரு முறையும் "மச்சாளுக்குச் சீனி போடாமல் ஊத்து" என்று குசினிக்குள் வந்து சொல்லுவார். பாவம், வெள்ளை மனது என்று நினைத்து நான் தனியாக அழுவேன்.

செபக்கூடத்துக்கு ஆள் குறைந்துகொண்டே போனது. கிழடுகள் செத்தார்கள், இளசுகள் ஹெண்டன், எட்ஜ்வெயார் பக்கம் போனார்கள். இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் மூடினார்கள். பிறகு அந்த மண்டபத்தை ஒரு சுற்றுலாக் கொம்பனி வாடகைக்கு எடுத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் யூதர்கள் வாழ்ந்த தெருக்களில் சனத்தை நடத்திக் கூட்டிக்கொண்டு வந்து, கடைசியில் மண்டபத்தில் லண்டனிலேயே செய்த வைன் கொடுத்து அனுப்புவார்கள். கதவைப் பூட்டித் திறக்கும் திறப்பு இவரிடம் இருந்ததால் இவரையும் வைத்துக்கொண்டார்கள். கதவு திறக்க, கிளாஸ் அடுக்க, வைன் ஊற்ற. இருபத்திரண்டு வருடம் வைன் போத்தலில் கை படாமல் அதே மண்டபத்தில் இருந்தவர், இப்போது ஊற்றுகிறவர். இதற்குச் சிரிப்பதா அழுவதா என்று அப்போதே எனக்குத் தெரியவில்லை.

கதை சொல்ல ஒரு பல்கலைக்கழகப் பெடியன். வாய் நிறைய இங்கிலீஷ், தலை நிறையப் பிழை. எந்தக் கதிரையில் யார் இருந்தார், எந்தக் கிழவன் எந்தத் தையல் பட்டறையில் வேலை செய்தான், யாருடைய மகன் போரில் செத்தான், எல்லாம் இவருக்கு மனப்பாடம். பின்வரிசையில் நின்று நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பார். ஒரு ஞாயிறு பெடியனுக்குக் காய்ச்சல். மனேஜர் ஒலிவியா, ஒரு வெள்ளைக்காரி, வேறு வழியில்லாமல் இவரைச் சொல்லச் சொன்னாள். சனம் கை தட்டியதாம். இரண்டு பேர் அழுதார்களாம். அடுத்த மாதம் ஒரு பரீட்சைச் சுற்று வைப்போம், பன்னிரண்டு பேர் வேண்டும், சுற்றைப் பற்றி அவர்கள் எழுதித் தருவது நன்றாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமைச் சுற்று இனி உங்களுடையது என்றாள்.

அந்த மனுசன் சந்தோஷப்பட்டதை நான் என் வாழ்க்கையில் மூன்று தரம்தான் பார்த்திருக்கிறேன். விசா வந்தபோது, மகள் பிறந்தபோது, இது மூன்றாவது. புதுச் சப்பாத்து வாங்கினார். எங்கள் ரெய்னர்ஸ் லேன் வீட்டுச் சாப்பாட்டு அறையில் எனக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்ப்பார். தூங்கி விழுந்தாலும் விடமாட்டார். "வழிகாட்டி" என்று பெயர்ப்பட்டி குத்துவார்களாம், அதை எந்தப் பக்கம் குத்துவது என்றுகூடக் கேட்டார். அறுபத்தொரு வயதில்!

பன்னிரண்டு பேர் சேரவில்லை. நாலு பேர்தான் பதிந்திருந்தார்கள். நான்தான் அக்காவுக்குப் போன் எடுத்தேன். கெஞ்சினேன். அவள் சட்டன் மாதர் சங்கத்தில் ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு தானும் வருவதாகச் சொன்னாள். அன்று அவளைக் கும்பிட்டேன், பொய் சொல்லக்கூடாது.

ஓல்ட்கேட் ஈஸ்ற் ஸ்டேஷனில் தொடங்கினோம். ஐயோ, என் மனுசனா இது என்று இருந்தது! ஏழை யூதர்களுக்குக் கஞ்சி கொடுத்த பழைய கட்டடத்துக்கு முன்னால் நிற்பாட்டி, வாசல்களுக்கு மேலே கல்லில் வெட்டியிருக்கும் எழுத்தைக் காட்டினார். உள்ளே போக வழி, வெளியே வர வழி. "பசித்தவன் ஒருவரிடமும் வழி கேட்டு வெட்கப்படக் கூடாது என்று எழுதி வைத்தார்கள் என்று நான் நினைத்துக்கொள்வேன்" என்று இங்கிலீஷில் சொன்னார். பிறிக் லேனில், தேவாலயமாகக் கட்டி, செபக்கூடமாகி, இப்போது பள்ளிவாசலாக இருக்கும் கட்டடத்துக்கு முன்னால் மாதர் சங்கம் வாயைத் திறந்தபடி நின்றது. அக்காவே என் காதுக்குள், "இந்தாள் இவ்வளவு கதைக்குமோடி!" என்றாள். ஒலிவியா பின்னால் நின்று குறித்துக்கொண்டாள். சிரித்த முகம்.

மண்டபத்தில் மிஸிஸ் கப்லன் காத்திருந்தார். தொண்ணூறு வயது. கணவர் இறந்துவிட்டார், ஆனால் செபாவின் முதல் சுற்று என்று கேட்டு டாக்ஸி பிடித்து வந்திருந்தார். இரண்டு நீள மேசை. இவர் போத்தலோடு ஒரு பக்கமாக ஊற்றிக்கொண்டு வந்தார். அக்காவுக்குக் கிட்ட வர முன்னமே அவள் கிளாஸின் மேல் கையை வைத்துவிட்டாள்.

"எனக்கு வேண்டாம் செபஸ்தி. டாக்குத்தர் மறிச்சிருக்கிறார்."

"ஓம் மச்சாள், பரவாயில்லை" என்று இவர் தாண்டிப் போனார்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மற்றப் பக்கத்தால் ஒலிவியா இன்னொரு போத்தலோடு வந்தாள். அக்கா கையை எடுத்தாள். ஒலிவியா ஊற்றினாள். அக்கா குடித்தாள். நல்ல வைன் என்று சொல்லி இன்னொரு முறையும் நீட்டினாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.  

அப்போது மிஸிஸ் கப்லன் தன் பையிலிருந்து மூடி திறக்காத போத்தல் ஒன்றை எடுத்தார். இவர் திறப்பானைக் கொண்டுபோய் அவருக்கு முன்னால் வைத்துவிட்டு ஓரடி பின்னால் நின்றார். கிழவி நடுங்கும் கையால் தானே திறந்து தன் காகிதக் கோப்பைக்குள் ஊற்றினார். ஏன் உதவி செய்யவில்லை என்று ஒருத்தி கேட்டாள். இவர் சட்டத்தைச் சொன்னார், ஒளிப்பு மறைப்பு இல்லாமல், இருபத்திரண்டு வருடக் கதையோடு. மிஸிஸ் கப்லன், "நான் முதல் நாளே சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடியது இன்னும் ஞாபகம் இருக்கிறது" என்றார். பிறகு இன்னொரு கோப்பையில் ஊற்றி எழுந்து போய் இவர் கையில் கொடுத்தார்.

அதோடு நின்றிருக்கலாம். அக்காவால் நிற்க ஏலவில்லை. மாதர் சங்கத்தின் பக்கம் திரும்பி, தமிழில், நல்ல குளிர்ந்த குரலில் சொன்னாள்.

"பாத்தீங்களே? அவைக்கும் இருக்கு. ஒவ்வொரு சனத்துக்கும் ஒரு முறை இருக்குத்தானே. எங்களைத்தான் சும்மா குறை சொல்லுறது."

இரண்டு பேர் தலையாட்டினார்கள். முப்பத்தொரு வருடப் பல்லுக்கொதிக்கும் சுகருக்கும் அந்தக் கிழவியின் வேதத்திலிருந்து ஒரு சாட்சி பிடித்துவிட்டாள்!

நான் எழுந்தேன். இவர் தூரத்திலிருந்து தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. கண்டேன். கண்டும் நிற்கவில்லை.

"அந்த மனுசி முகத்துக்கு நேரை சொன்னவ. நீ ஒரு நாள் சொன்னனியே? எந்தப் புத்தகத்திலை கிடக்கு உன்ரை முறை? வெள்ளைச்சி ஊத்தினால் சுகர் மாறிப்போச்சோ?"

அதோடாவது நிறுத்தியிருக்கலாம். ஒலிவியாவுக்கும் விளங்க வேண்டும் என்று முழுவதையும் இங்கிலீஷிலும் சொன்னேன். என் அக்கா என் புருசன் கையால் ஏன் குடிக்கமாட்டாள் என்று, ஊர் சொல்லி, சாதி சொல்லி, உரத்த குரலில் சொன்னேன். அதுவரை அவர் அங்கே ஒரு வழிகாட்டி. அந்த நிமிடத்திலிருந்து எல்லார் கண்ணும் அவர் கையைப் பார்த்தது. அவர் அந்தக் காகிதக் கோப்பையைக் கீழேயும் வைக்கவில்லை, குடிக்கவும் இல்லை.

அக்கா அழுதுகொண்டு வெளியே போனாள். மாதர் சங்கம் முழுக்கப் பின்னால் போனது. எழுதித் தரவேண்டியவற்றில் எட்டுத் தாள்கள் மேசையிலேயே வெறுமையாகக் கிடந்தன.

செவ்வாய்க்கிழமை ஒலிவியாவிடமிருந்து ஈமெயில் வந்தது. மிக மரியாதையான கடிதம். நடந்ததற்கு அவரைக் குறை சொல்லவில்லையாம். ஆனால் குடும்பப் பிரச்சினை விருந்தினர்களுக்கு முன்னால் வந்துவிட்டதால் இப்போதைக்குச் சுற்றைப் பழைய பெடியனே நடத்துவானாம். செபா எழுதி வைத்திருக்கும் கதைகள் அருமையானவை, அவற்றைப் பெடியனுக்குக் கொடுத்து உதவ முடியுமா என்றும் கேட்டிருந்தாள். வைன் ஊற்றும் வேலை வழமைபோல இருக்கிறதாம்.

இவர் படித்துவிட்டுப் போனை மேசையில் வைத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. உங்களுக்காகத்தானே கேட்டேன், முப்பத்தொரு வருடமாக அவள் செய்வது உங்களுக்கு விளங்கவில்லையே என்றுதானே கேட்டேன் என்று அழுதேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை.

"விளங்கேல்லையோ? அவ முதல் நாள் தண்ணிக் கிளாசைத் தள்ளி வைச்ச அண்டைக்கே எனக்கு விளங்கிட்டுது. உனக்கு அக்கா எண்டு இருக்கிறது அவ ஒராள்தான். அதாலை சீனி போடாமல் ஊத்து எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சனான்."

நான் போனை எடுத்து அந்த ஈமெயிலைத் திரும்பப் பார்த்தேன்.

"ஞாயிற்றுக்கிழமை காலமை நான்தான் ஒலிவியாட்டைச் சொல்லி வைச்சனான், மச்சாளுக்கு நீ ஊத்து எண்டு. அவ குடிச்சிட்டு, நல்லதா ரெண்டு வரி எழுதிப்போட்டுப் போயிருப்பா, சாந்தி. எனக்கு அது போதும்."

பிறகு எழுந்து போய், கதைகள் எழுதிய கொப்பியை எடுத்து வந்து, பெடியனுக்கு விளங்கும்படி இங்கிலீஷ் எழுத்துகளைத் தெளிவாகத் திருப்பி எழுதத் தொடங்கினார்.