நல்லதண்ணிக் கிணறு

பத்து லீற்றர் வாளி நிறையத் தண்ணீரை மேசையில் வைத்து, அதிலிருந்து அரைச் சிரட்டை மொண்டு தனியே வைக்கிறார் ஜெகதீஸ்வரி ரீச்சர். "உலகத்துத் தண்ணி முழுக்க இந்த வாளி எண்டு வையுங்கோ. குடிக்கவும் தோட்டத்துக்கும் எங்களுக்கு எட்டுறது இந்தச் சிரட்டைக்குள்ள இருக்கிறதுதான்." பத்தாம் ஆண்டுப் பிள்ளைகள் வாளியையும் சிரட்டையையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். பாடம் முடிந்ததும் அந்தத் தண்ணீர் வகுப்பறைக்குப் பின்னாலுள்ள மிளகாய்க் கன்றுகளுக்குப் போகும். வழியில் சிந்தினால் ரீச்சரின் முகம் கோணிவிடும்.

வட்டக்கச்சியில் எங்களுக்கு அடுத்த வளவு அவருடையது. ஐம்பத்துமூன்று வயது. சண்டையில் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் கணவர் காய்ச்சலில் போய்விட்டார். ஒரே மகள் கனடாவில். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டில் பேச ஆளில்லை. ஆனால் கிணறு இருந்தது. எங்கள் ஒழுங்கை நெடுகிலும் மற்றக் கிணறுகள் எல்லாம் உப்புச் சவர். அவருடையது மட்டும் நல்லதண்ணி. மாலையானால் பதினாறு வீட்டுப் பெண்களும் குடத்தோடு வருவார்கள். ரீச்சர் கிணற்றுக்கட்டில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தரையும் சும்மா விடமாட்டார். இன்றைக்கு என்ன கறி, பிள்ளைக்குச் சளி விட்டதா, அண்ணனிடமிருந்து கடிதம் வந்ததா, எல்லாம் கேட்டு முடிக்கவேண்டும். என் மனைவி விமலேஸ்வரி ஒரு குடம் அள்ளப்போனால் அரை மணித்தியாலம் போய்விடும். நான் தேத்தண்ணி இல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். "பாவம் அவா, கதைக்க ஆள் வேணுமெல்லே" என்பாள்.

சமாதானம் வந்து எல்லோரும் திரும்பிக் குடியேறியபின், ஒரு தொண்டு நிறுவனம் வீட்டுக்கு வீடு கக்கூசு கட்டித் தந்தது. கிணற்றிலிருந்து ஐம்பதடி தள்ளிக் குழி வெட்டவேண்டும் என்றார்கள். நாங்களும் ஒழுங்காக அளந்து, வளவின் பின்மூலையில், வேலியோரமாக வெட்டினோம். எல்லோரும் அவரவர் கிணற்றிலிருந்துதான் அளந்தோம். வேலிக்கு அந்தப் பக்கம் யாருடைய கிணறு இருக்கிறது என்று யோசிக்கும் புத்தி எவருக்கும் வரவில்லை.

ரீச்சருக்குத்தான் வந்தது. பிள்ளைகளிடம் கயிற்றைக் கொடுத்து, ஒழுங்கையிலுள்ள கிணறுகளையும் குழிகளையும் அளந்து ஒரே படத்தில் கீறச் சொன்னார். அவர்களும் தங்கள் வளவுக்குள்ளேயே அளந்து 'சரி' போட்டுக்கொண்டு வந்தார்கள். "தண்ணி உங்கட வேலியைப் பாத்தே ஓடுது?" என்று திருப்பி அனுப்பினார்.

இரண்டாம் முறை படம் சரியாக வந்தது. ஜெயரூபி என்ற பிள்ளை மட்டும் ஒரு கிணற்றின் பக்கத்தில் இலக்கம் போடாமல் விட்டிருந்தாள். ஏன் என்று கேட்டதற்குக் குனிந்துகொண்டே சொன்னாளாம்: "அது உங்கட கிணறு, ரீச்சர். இருபத்திரண்டடிதான்." ரீச்சர் சிவப்புப் பேனையை வாங்கித் தானே வட்டம் போட்டார்.

அந்த இருபத்திரண்டடிக்கு மறுமுனையில் இருந்தது என்னுடைய குழி. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ரீச்சர் சொல்லியனுப்பியதில் சுகாதாரப் பரிசோதகர் வந்து போத்தலில் தண்ணீர் கொண்டுபோனார். கிருமி இருக்கிறது, குடிக்கக்கூடாது என்று பதில் வந்தது. குழியை மூடிவிடுகிறேன், அதுவரை கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லுங்கள், ஒருவருக்கும் வேறொன்றும் தெரியவேண்டாம் என்று நான் ரீச்சரிடம் கெஞ்சினேன். என் மானத்துக்காக மட்டுமில்லை. அந்தக் கிணற்றடி போனால் அவருக்கு என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

"சின்னஞ்சிறுசுகள் கிணத்தடியிலயே வாளியோட குடிக்குதுகள், தம்பி" என்றார். பதினாறு வீட்டுக்கும் தானே நடந்துபோய்ச் சொன்னார். யாருடைய குழி என்று மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் மாலை ஒருவரும் வரவில்லை. எங்கள் குடமும், தூரமென்றாலும் நல்லதண்ணி உள்ள, வாய்க்காலோரத்து ஆண்டியப்பன் வளவுக்குப் போனது. ரீச்சர் தன் கிணற்றுக்கட்டில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்ததை வேலிப் பொட்டுக்குள்ளால் பார்த்தேன். 

இப்போது அவரும் ஒரு குடத்தோடு ஆண்டியப்பன் வளவுக்கு வருகிறார். தனி ஆளுக்கு ஒரு குடம் இரண்டு நாளைக்குக் காணும். அவர் ஒவ்வொரு நாளும் வருகிறார். நேற்று சைக்கிளில் கலனோடு நானும் போயிருந்தேன். வரிசை மெல்ல நகர்ந்து ரீச்சரின் முறை வந்தது. அந்த நேரம் பார்த்து ஒருத்தி பின்னால் வந்து நின்றாள். "நீ அள்ளு பிள்ளை, எனக்கு அவசரமில்லை" என்று ரீச்சர் அவளுக்குப் பின்னால் போய் நின்று, அவள் வீட்டில் என்ன கறி என்று விசாரித்தார். அவள் அள்ளி முடிப்பதற்குள் இன்னொருத்தி வந்தாள். ரீச்சர் வெறுங்குடத்தைத் தூக்கிக்கொண்டு அவளுக்கும் பின்னால் போனார்.