கத்தாத பிரேக்

என் மோட்டார் சைக்கிளை நம்பியதில் கால்வாசிகூட அதைத் திருத்துகிறவரை நான் நம்பியதில்லை. பாலாவிச் சந்திக்குக் கிட்ட கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணனை எல்லாரும் நானா என்போம்; தொண்ணூறில் முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்தவர். நேர்மையான மனிசன் என்று ஊரே சொல்லும். ஊர் சொன்னால் நான் நம்பிவிடுவேனா? கடைக்குப் போனால் அவருடைய கையையே பார்த்துக்கொண்டு நிற்பேன். கழற்றிய பழைய சாமானையும் கேட்டு வாங்கி வருவேன்.

அவர் இரண்டு சக்கரத்துக்கும் சக்கரத்தை உரசி நிறுத்தும் புதுப் பிரேக் சூ போட்ட மறுநாளே பிரேக் கத்தத் தொடங்கியது. நான் எத்தாளையில் படகுக்காரன். படகில் எது கத்தினாலும் எண்ணெய் விடுவோம், கத்தல் நிற்கும். வலைக் கொட்டிலில் கிடந்த சுறா எண்ணெயை எடுத்து, பிரேக் கம்பி இழுக்கும் இடத்து இடுக்குக்குள் இரண்டு சக்கரத்துக்கும் தாராளமாக விட்டேன்.

"அதுக்கு எண்ணெய் விடலாமோ?" என்று மனைவி கேட்டாள்.

"உனக்கென்ன தெரியும்?" என்றேன். வீட்டு முன் ஒழுங்கையில் மெல்ல ஓடிப் பார்த்தேன். சத்தமே இல்லை. எனக்கு அப்படியொரு பெருமை.

மறுநாள் அவளுக்குக் கிளினிக். எட்டாம் மாதம். முதற்பிள்ளை தங்காமல் போனதால் புத்தளத்துக்குப் போய்த்தான் காட்டிக்கொண்டிருந்தோம். சண்டை முடிந்தபின் காப்பெட் போட்ட வழுவழுப்பான தார் றோட்டு, பைக் பறக்கும். சந்தி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நடு றோட்டில் ஒரு கழுதை நின்றது. காலால் மிதித்தேன், கையாலும் பிடித்தேன். பைக் தன்பாட்டுக்குப் போனது. "மாதாவே!" என்று அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஓரத்து மணலுக்குள் திருப்பினேன். மணல்தான் நிறுத்தியது.

அவள் இறங்கி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அசையுதா? சொல்லன், அசையுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். வயிற்றின் இரண்டு பக்கமும் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஓம்" என்றாள்.

பைக்கைத் தள்ளிக்கொண்டு கடைக்குப் போனோம். நானா அவளைக் கண்டதும் உட்காரக் கதிரையைத் தூக்கிவந்து போட்டார். நான் பொறுக்கவில்லை.

"கள்ளச் சாமானைத்தானே போட்டுத் தந்தீங்க? என்ட மனிசியையும் பிள்ளையையும் கொல்லப் பாத்தீங்களே!"

"கொஞ்சம் பொறுங்க தம்பி. கழட்டிப் பாப்பம்."

"கழட்டி மறைக்கவோ? முதல்ல நீங்க ஏறி ஓடிப் பாருங்க. என்ட கண்ணுக்கு முன்னால!"

கடையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நானா என் முகத்தைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். பிஸ்மில்லா சொல்லி ஏறினார்.

போனவர் தூரத்தில் திருப்பிக்கொண்டு வந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு உப்பு லொறி பின்பக்கமாக றோட்டில் இறங்கியது. "நானா! நிப்பாட்டுங்க!" என்று நானே கத்தினேன். எதைக்கொண்டு நிற்பாட்டுவது? லொறிக்கு ஒரு பாகம், இரண்டு கையையும் விரித்த தூரம், இருக்கும்போது பைக்கைச் சரித்து விழுந்தார். எனக்கு உயிர் போய் வந்தது. எழும்பி, அவரே அதைத் தள்ளிக்கொண்டு வந்தார். உடுத்திருந்த சாரம் கிழிந்து முழங்காலில் இரத்தம் வழிந்தது.

காலைக்கூடத் துடைக்காமல் பின் சக்கரத்தைக் கழற்றினார். உள்ளேயிருந்து எண்ணெய் சொட்டியது. விரலில் தொட்டு மணந்து பார்த்தார்.

"சுறா எண்ணெய். இது ஆரு ஊத்தின?"

மனைவி என்னைப் பார்க்கவில்லை.

"நான்தான்" என்றேன். வெட்கத்தில் செத்துப்போனேன். அவர் என்னை அறைந்திருந்தாலும் வாங்கியிருப்பேன்.

"பிரேக் கத்தினா என்னட்ட வந்து ஏசுங்க தம்பி. எண்ணெய் மட்டும் விடாதீங்க" என்றார். அவ்வளவுதான்.

பெற்றோல் ஊற்றிக் கழுவி, இரண்டு சக்கரத்துக்கும் வேறு சூ போட்டார். நான் இரண்டு தரம் ஓடிப் பார்த்தேன். மிதித்த இடத்தில் நின்றது.

"சரி, வா, ஏறு" என்றேன் மனைவியிடம்.

அவள் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"நானா, குறை நினைக்காதீங்க. கால் ஏலுமெண்டா நீங்க ஒருக்கா ஓடிப் பாருங்க. நீங்க சரியெண்டு சொன்னா ஏறுறன்."

முழங்காலில் துணி சுற்றிக்கொண்டிருந்தவர் என் கையிலிருந்த பைக் திறப்புக்குக் கையை நீட்டினார். கொடுத்தேன்.