எலெக்சன் ஐயாவின் மணி

என் இலைக்கடையில், கட்டுக் கட்டாக வாழை இலை அடுக்கும் பலகைக்கு மேலே ஒரு பித்தளைக் கைமணி இருக்கிறது. பூசை மணியைவிடப் பெரியது, மரப்பிடி போட்டது. அதன் நாக்கில் ஒரு பழைய துணியைச் சுற்றிக் கட்டி வைத்திருக்கிறேன், யார் கையாவது பட்டு ஒலித்துவிடக் கூடாது என்று. இலை வாங்க வருகிறவர்கள், "என்னக்கா, கடைக்குள்ள கோயிலா?" என்று கேட்பார்கள். கோயிலாவது ஒன்றாவது! அது எங்கள் சந்தை வியாபாரிகள் சங்கத்தின் தேர்தல் மணி. அடுத்த தேர்தல் வரைக்கும் என் பொறுப்பில் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எலெக்சன் ஐயாவின் ஞாபகம் வரும். பாசத்தோடு அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சட்டசபைக்குத் தேர்தல் வந்தால் அதை நடத்துகிற அதிகாரியை அரசாங்கம் நியமிக்கும். புதுக்கோட்டையில் எங்கள் சங்கத்தில் அப்படி இல்லை. தலைவர் தேர்தலுக்கு முன்னால் பொதுக்குழு கூடும். தேர்தல் அதிகாரியையும் நாங்களேதான் கை தூக்கித் தேர்ந்தெடுப்போம். அமெரிக்காவில் சில மாநிலங்களில் தேர்தல் நடத்துகிற பெரிய அதிகாரியையே சனங்கள் ஓட்டுப் போட்டுத்தான் உட்கார வைக்கிறார்கள் என்று என் மகள் ஒருநாள் போனில் படித்துச் சொன்னாள். "அங்கிட்டும் மணி அடிப்பாங்களாடி?" என்று கேட்டேன். தலையில் அடித்துக்கொண்டாள். மணியின் அருமை அவளுக்குத் தெரியாது. மனு வாங்குவது, சின்னம் கொடுப்பது, பெட்டியைப் பூட்டுவது, ஓட்டை எண்ணுவது எல்லாம் அதிகாரியின் வேலைதான். ஆனால் அவருடைய உயிர் இருப்பது அந்த மணியில். பிற்பகல் மூன்று மணிக்கு அவர் அதை அடிக்கும்போது சந்தை கேட்டுக்கு உள்ளே நிற்பவர்கள் ஓட்டுப் போடலாம். வெளியே நிற்பவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அடித்தது அடித்ததுதான், அப்பீல் கிடையாது.

இன்னொரு வழக்கமும் உண்டு. அதிகாரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், முடிவு சொல்லும்வரை சந்தைக்குள் யாரிடமும் கை நனைக்கக் கூடாது. ஒரு டீ கூட வாங்கிக் குடிக்கக் கூடாது. தண்ணீரையும் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும்.

அப்போது நான் காலேஜ் முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தேன். என் அப்பாவின் தங்கை, என் அத்தை, அந்தச் சந்தையில் கீரையும் வெள்ளரிப்பிஞ்சும் விற்றாள். வல்லத்திராக்கோட்டைப் பக்கத்திலிருந்து விடியற்காலை பஸ்ஸில் கூடையோடு வருகிற பெண்கள் எல்லோரும் கேட்டை ஒட்டிச் சாக்கடை ஓரம்தான் உட்காருவார்கள். மேலே கூரை கிடையாது. எட்டு மணி வெயிலுக்கே கீரை துவண்டு போகும். துவண்ட கீரையைப் பாதி விலைக்குக் கேட்பார்கள். உள்ளே தகரக் கொட்டகையில் மேடைகள் காலியாகவே கிடந்தன. எந்த மேடை யாருக்கு என்று முடிவு செய்வது தலைவர். கேட்டுக் கேட்டு அலுத்துப்போன அத்தை ஒருநாள், "இனிமே எவன்கிட்டயும் கேக்குறதா இல்ல. நானே தலைவரா நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். எங்கள் சந்தையில் அதுவரை ஒரு பெண் நின்றதில்லை. எதிர்த்து நின்றவர் உள்ளே பெரிய மளிகைக்கடை வைத்திருந்தவர்.

எலெக்சன் ஐயா வெங்காய மண்டி வைத்திருந்தார். வெளுத்த சட்டை, மடிப்புக் கலையாத துண்டு, நெற்றியில் விபூதி. யாரிடமும் அதட்டிப் பேச மாட்டார். எந்தக் கோஷ்டியிலும் இல்லை என்று பெயர். அத்தை தினமும் அவருக்கு ஒரு வெள்ளரிப்பிஞ்சு கொடுப்பாள், அவரும் கடித்துக்கொண்டே போவார். பொதுக்குழுவில் தேர்தல் அதிகாரிக்கு அவர் பெயரைச் சொன்னதும் எல்லோருக்கும் முந்திக் கை தூக்கியவள் என் அத்தைதான். மறுநாள் வழக்கம்போல வெள்ளரிப்பிஞ்சை நீட்டினாள். அவர் இரண்டு கையையும் கூப்பி, "எலெக்சன் முடியிற வரைக்கும் வேணாம் ஆத்தா. கை நனைக்கக் கூடாது" என்றார். அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. "இவருல்ல மனுசன்!" என்று வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாள். அந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தேர்தல் நாளில் பத்து மணிக்கு ஓட்டு ஆரம்பம். கீரைக்காரப் பெண்களுக்கு அதற்குள் வியாபாரம் முடிந்துவிட்டது. வரிசையில் நின்று போட்டுவிட்டே போயிருக்கலாம். அத்தைதான் விடவில்லை. "இந்த ஈரச் சேலையோட, மண்ணுக் கையோட போடாதீங்கடி. வீட்டுக்குப் போயிக் குளிச்சு, நல்ல சேலை கட்டி, பூ வச்சுக்கிட்டு வாங்க. நம்ம சனம் செயிக்கிற நாளு. பாக்குறவன் பாக்கட்டும்" என்றாள். எல்லோரும் சிரித்துக்கொண்டே பஸ் ஏறினார்கள். தேர்தலைக் கல்யாணமாக நினைத்துவிட்டார்கள், பாவிகள்.

பிற்பகல் பஸ் சரியாகத்தான் வந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டமாக நடந்து வந்தார்கள். பச்சை, மாம்பழ மஞ்சள், அரக்கு என்று தெருவே நிறைந்திருந்தது. நான் கேட்டில் நின்று கை காட்டினேன். எதிர் டீக்கடை வரைக்கும் வந்துவிட்டார்கள். அப்போது எனக்குப் பின்னால் மணி அடித்தது. திரும்பிப் பார்த்தேன். சங்க ஆபீஸ் சுவர்க் கடிகாரத்தில் மூன்றாக இன்னும் கால் மணி நேரம் இருந்தது. அத்தை ஓடிப்போய்க் கடிகாரத்தைக் காட்டினாள். எலெக்சன் ஐயா குரலைக்கூட உயர்த்தவில்லை. கைக்கடிகாரத்தைத் திருப்பிக் காட்டி, "என் வாட்ச்சுல மூணு ஆத்தா. எலெக்சன் ஆபீசர் வாட்ச்சுதான் எலெக்சன் டைம்" என்றார். கேட்டை இழுத்துச் சாத்தினார்கள். பூ வைத்த தலைகளோடு அந்தப் பெண்கள் கம்பிக்கு வெளியே நின்றார்கள். மளிகைக்கடை ஆட்கள், "சீவிச் சிங்காரிச்சு வந்தா மணி நிக்குமா?" என்று சிரித்தார்கள். அத்தை தோற்றாள். வெளியே நின்றவர்களில் பாதிப் பேர் போட்டிருந்தாலே ஜெயித்திருப்பாள்.

அன்று சாயங்காலமே மளிகைக்கடைக்காரர் வீட்டு விருந்தில் எலெக்சன் ஐயா இலை போட்டு உட்கார்ந்திருந்தார். முடிவு சொல்லியாகிவிட்டதே, இனி வழக்கம் தடுக்காதே! மணியடித்த கை நன்றாகவே நனைந்தது. அடுத்த மாதம் கொட்டகையின் முனை மேடை அவர் மண்டிக்குப் போனது. கீரைக்காரப் பெண்களைக் கேட் ஓரத்திலிருந்தும் கிளப்பிப் பின்பக்கம் குப்பை மேட்டுக்குத் தள்ளினார்கள். அங்கே யார் வருவார்கள்? அத்தை கொஞ்ச காலம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு இடுப்பு பிடித்துக்கொண்டது, வருவதை நிறுத்திவிட்டாள். நான் கடன் வாங்கி அதே சந்தையில் இலைக்கடை போட்டேன். கல்யாணம், பிள்ளை, எல்லாம் ஆனது. தினமும் அவர் முகத்தில்தான் விழித்தேன். "என்னம்மா, நல்லாருக்கியா?" என்பார். "இருக்கேங்க" என்பேன். மனசுக்குள் சொன்னதை இங்கே எழுத முடியாது. பிற்பாடு அவரே தலைவரும் ஆனார். குப்பை மேடு குப்பை மேடாகவே இருந்தது.

இந்தத் தடவை அவர் மறுபடியும் தலைவருக்கு நின்றார். எதிர்த்து நின்றது ஒரு கீரைக்கார அக்கா. அன்றைக்கு மாம்பழ மஞ்சள் சேலையில் கம்பிக்கு வெளியே நின்றவள். நான் தேர்தல் அதிகாரிக்கு நின்றேன். "தலைவருக்கு நிக்கிறதை விட்டுட்டு மணியடிக்க நிக்கிறியே, கூறு கெட்டுப்போச்சா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். எனக்கு மணிதான் வேண்டும் என்றேன். பொதுக்குழுவில் எனக்காகத் தூக்கிய கைகள் எல்லாம் எதற்காக உயர்ந்தன என்று எனக்குத் தெரியும். தூக்கியவர்களுக்கும் தெரியும். மறுநாள் எலெக்சன் ஐயா என் கடைக்கு டீ அனுப்பினார். கை நனைக்கக் கூடாது என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். அதைச் சொல்லும்போது எனக்கு எவ்வளவு சந்தோசமாக இருந்தது தெரியுமா!

ஓட்டு நாளில் எங்கள் பெண்கள் மண்ணும் ஈரமுமாகப் பத்து மணிக்கே வரிசையில் நின்று போட்டுவிட்டுத்தான் நகர்ந்தார்கள். எலெக்சன் ஐயா சுற்றுவட்டாரத்தில் இருக்கிற வயதான மெம்பர்களைக் கூட்டி வர வேன் அனுப்பியிருந்தார். வேன் வழியில் நின்றுவிட்டது. போனைக் காதில் வைத்துக்கொண்டு அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தார். சட்டை முதுகில் ஒட்டிவிட்டது. சுவர்க் கடிகாரத்தில் மூன்றாகக் கால் மணி நேரம் இருந்தபோது வேன் கேட்டுக்கு வந்து நின்றது. கதவைத் திறந்து, ஒவ்வொரு கிழமாகக் கைப்பிடித்து இறக்கத் தொடங்கினார்கள்.

"அடி!" என்று எனக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. "அடிச்சு விடு ஆத்தா! அன்னிக்கு அவரு அடிக்கலையா?" கீரைக்காரப் பெண்கள் எல்லோரும் என் கையையே பார்த்தார்கள். மாம்பழ மஞ்சள் அக்கா மட்டும் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். எங்கள் பெண்களுக்குக் கூரை கிடைக்குமா, கிடைக்காதா என்பது அந்த வேனிலிருந்து இறங்குகிற ஓட்டுகளில் இருந்தது. எலெக்சன் ஐயா என்னிடம் வந்தார். துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "அம்மா... பாத்துச் செய்யம்மா" என்றார்.

நான் மணியைத் தூக்கினேன். அவர் முகம் வெளிறியது. அடிக்கவில்லை. தூக்கிய கையை அப்படியே வைத்திருந்தேன். கை வலித்தது, தோள் கடுத்தது, இறக்கவில்லை. அவரால் வேனையும் பார்க்க முடியவில்லை, மணியையும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒரு கிழவர் செருப்பைத் தேடினார், ஒரு பாட்டி கோலைத் தேடினார். ஒவ்வொன்றுக்கும் எலெக்சன் ஐயா எச்சிலை விழுங்கினார். விழுங்கட்டும். என் அத்தை விழுங்கியது கொஞ்சமா? கடைசி ஆள் கேட்டுக்குள் கால் வைத்து, வரிசையில் நின்று, மூச்சு வாங்கும்வரை அவரை நெளியவிட்டேன். சுவர்க் கடிகாரத்தில் மூன்று ஆனதும், கூட்டம் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டேன்: "ஐயா, இப்ப மணி என்ன? உங்க வாட்ச்ச பாத்துச் சொல்லுங்க."

அவர் கக்கத்துத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"எலெக்சன் ஆபீசர் கேக்குறேன். சொல்லுங்க."

அவர் முதலில் என்னைப் பார்த்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியாகத்தான் கையைத் திருப்பிப் பார்த்தார். "மூணு" என்றார். குரல் உள்ளேயே போய்விட்டது. "கேக்கலைங்க" என்றேன். "மூணு மணிம்மா!" என்று கத்தினார். அப்போதுதான் அடித்தேன். சந்தையே அதிர அடித்தேன்.

பெட்டியை எல்லோருக்கும் முன்னால் திறந்தேன். ஒவ்வொரு சீட்டையும் விரித்து முதலில் அவருக்குக் காட்டி, பிறகுதான் படித்தேன். அவர் தோற்றார். கொஞ்சநஞ்சமாக இல்லை, நன்றாகத் தோற்றார். வேனில் வந்த, உருளைக்கிழங்கு விற்கிற கிழவர் ஒருவர் என் பக்கமாக வந்து, "வேன்ல ஏத்தி வந்தா அவனுக்கேவா போடணும்?" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார். கீரைக்காரப் பெண்களுக்கு இப்போது தகரக் கொட்டகைக்குள் மேடை இருக்கிறது.

அன்றைக்கே பஸ் ஏறி அத்தையிடம் போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தாள். எல்லாம் சொன்னேன். கோபம் வந்துவிட்டது அவளுக்கு. "கால் மணி நேரத்துக்கு முந்தி வேன் வந்துச்சா? அப்பவே அடிச்சிருக்கணும்டி நீ! ஒனக்கென்ன மகாத்மான்னு நெனப்பா?" என்று கத்தினாள்.

போன வாரம் எலெக்சன் ஐயா பேரன் காதுகுத்துக்கு இலை வாங்க வந்தார். இலையை எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தேன். அவர் மேலே இருந்த மணியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கு நீ முன்னாடியே அடிச்சிருக்கலாமே. ஏன் அடிக்கல?" என்று கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அடிச்சிருந்தா, மணி அடிச்சுத் தோக்கடிச்சுட்டாங்கன்னு சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டுத் திரிவீங்க. எங்க அத்தைக்கு அப்படிச் சொல்லிக்கவாச்சும் முடிஞ்சுது. ஒங்களுக்கு அதுவும் இல்லாமப் போகணும்னுதான்" என்றேன்.

அவர் இலைக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு போனார். நான் போனை எடுத்து அத்தையைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். இந்தத் தடவை அவள் திட்டவில்லை.

"அவன் மூணுன்னு வாய விட்டுச் சொன்னானே," என்றாள், "அப்ப அவன் மூஞ்சி எப்புடி இருந்துச்சு? அத மட்டும் இன்னொருக்கா சொல்லு."

எழுந்து மணியை எடுத்து, நாக்கில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தேன். போனை மணிக்குப் பக்கத்தில் வைத்தேன். வழக்கத்துக்கு விரோதம்தான். சந்தையில் பாதிப் பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி, என் அத்தைக்காக ஒரு தடவை நன்றாக அடித்தேன்.