ஒற்றைக்கண் தளபதியும் ஒரு கரண்டி சாம்பாரும்

"அந்த ஒத்தைக்கண் தளபதிக்குப் பாலத்துப் படை மேல அப்படி என்னம்மா கோபம்?"

போன ஞாயிறு மதியம், சாம்பாரை ஊற்றிக்கொண்டே என் மகள் வித்யாவிடம் கேட்டேன். மூன்று வாரமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த கேள்வி!

விஷயம் இதுதான். வித்யாவுக்குப் பதினேழு வயது. என்னிடம் அவள் பேசுவது "ம்", "தெரியல", "அப்புறம்பா" — அவ்வளவே. தோழிகளிடம் மட்டும் போனில் மணிக்கணக்காகப் பேச்சு. எதைப் பற்றி? பத்து வால்யூம் ஓடும் ஓர் ஆங்கில மாயாஜால யுத்தக் கதையைப் பற்றி. படைகள், முற்றுகை, மந்திரவாதிகள்... நானும் படித்துவிட்டால் பேச விஷயம் கிடைக்குமே?

சொன்னதும் அவள் நம்பவில்லை. "அப்பா, மொதல் எரநூறு பக்கம் ஒண்ணுமே புரியாது. பாதியில விட்டுடுவீங்க."

விடுவேனா?

விவேக் நகர் வாடகை நூலகத்தில் கதையின் பெயரைச் சொன்னேன். கன்னடக் கடைக்காரர் தடிமனாக ஒன்றை எடுத்து நீட்டினார். "தொகொள்ளி, எடுத்துக்குங்க சார், சூப்பரா இருக்கும்." அட்டையும் முதல் சில பக்கங்களும் பைண்டிங்கில் காணாமல் போயிருந்தன.

படித்தேன். யார் எந்தப் பக்கம், யாருக்காக யார் அழுகிறார்கள்... ஒரு எழவும் புரியவில்லை. ஆஹா, சரியான வழியில்தான் போகிறோம் என்று தெம்பு வந்தது! தவிர, இருபது வருஷம் அரசாங்க ஆபீசில் குப்பை கொட்டியவன் நான். முன்பாதி தொலைந்துபோன ஃபைலுக்கே முழு நோட் எழுதிப் பழகியவன். அசராமல் நானூறு பக்கம் தாண்டினேன்.

சாம்பாருக்கு வருவோம். வித்யா நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்தப் பாலம்?"

"ஆத்துப் பாலம்தான். நானூறாவது பக்கத்துல, மூணு நாளா காவல் காக்கறாங்களே."

"ஐயோ அப்பா... அது மூணாவது வால்யூம்!"

சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரை ஏறிவிட்டது. "நானூறு பக்கம் எப்படிப்பா ஓட்டினீங்க?"

"நீதானே ஒண்ணும் புரியாதுன்னு சொன்னே?"

மறுபடி சிரிப்பு. பிறகு கை காய்வதுகூடத் தெரியாமல், தளபதி கண்ணை இழந்த கதையை முதலிலிருந்து சொன்னாள். என் மகள் என்னிடம் இவ்வளவு பேசி எத்தனை நாளாயிற்று! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"தளபதிக்காகவாப்பா அழறீங்க?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் அவளே போய் முதல் வால்யூமை வாங்கி வந்தாள். "இதுலேர்ந்து ஆரம்பிங்க. புரியலன்னா என்னைக் கேளுங்க."

எல்லாம் தெள்ளத் தெளிவாகப் புரிகிறது. தயவுசெய்து யாரும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்!