மணி பிளாண்டா, குரோட்டன்ஸா?

இந்த ஊரில் யாரும் சன்னலுக்குத் திரை போடுவதில்லை. தெருவில் நடந்தால் எல்லார் வீட்டுக் கூடமும் தெரியும். மறைப்பென்று இருப்பது சன்னல் மேடையில் நிற்கும் செடித்தொட்டிகள்தான். அந்த மேடைக்கு 'வென்ஸ்டர்பாங்க்' என்று பெயர். சிறுசேரி அலுவலகம் என்னை நெதர்லாந்துக்கு அனுப்பிய முதல் குளிர்காலத்தில், பக்கத்து வீட்டு மீக்கே என் வெறும் மேடையைப் பார்த்து, "இந்த வீட்டில் ஆள் இருக்கிறதா என்றே தெரியவில்லை" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். ரோஷத்தில் அன்றே அவளோடு செடிக்கடைக்குப் போனேன்.

மேடையில் ஒரு தொட்டிக்குத்தான் இடம். கடைக்காரப் பெண் மணி பிளாண்டை நீட்டினாள். மறந்தாலும் சாகாதாம், இருட்டிலும் வளருமாம். "எங்கள் ஊரில் இதை வாங்கமாட்டோம், அடுத்த வீட்டில் திருடிவந்து வைத்தால்தான் அதிர்ஷ்டம்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. அவள் பார்வை என் கைப்பைக்குப் போனது. என் கண்ணோ, பக்கத்தில் சிவப்பும் மஞ்சளுமாக நின்ற குரோட்டன்ஸை விட்டு நகரவில்லை.

தொண்ணூறுகளில் அம்மா, சதுரங்கப்பட்டினத்து எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோய் அணுமின் நிலைய டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வீட்டுவேலை செய்தாள். அங்கே வாசலுக்கு வாசல் குரோட்டன்ஸ். ஒரு கிளை கேட்டு வாங்கிவரச் சொல்லி அடம்பிடிப்பேன். தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமப்பவள் அவள். "சோத்துக்கு ஆவாத செடிக்கு இன்னாத்துக்குடி தண்ணி? முருங்க கீதே, அதுக்கு ஊத்து" என்பாள். அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அழகுக்கென்று ஒரு செடி எங்கள் வீட்டுக்கு மட்டும் ஏன் கிடையாது என்ற ஆத்திரம் எனக்கு அடங்கவே இல்லை.

"குரோட்டன்ஸ்தான்" என்றேன். காகிதத்தில் சுற்றித் தரவா என்று கடைக்காரப் பெண் கேட்டாள். கல்யாணப் பரிசா இது, வேண்டாம் என்று சைக்கிள் கூடையில் வைத்து ராணி மாதிரி வந்தேன். சுற்றுவது குளிருக்காக என்று கடலோரத்துக்காரிக்கு எப்படித் தெரியும்? ஒரே வாரத்தில் இலையெல்லாம் கொட்டிவிட்டது. "தூக்கிப் போட்டுவிட்டு மணி பிளாண்ட் வாங்கு" என்றாள் மீக்கே. முடியாது என்றேன். மொட்டைக் குச்சியை வெதுவெதுப்பான சமையலறைக்கு மாற்றி, விளாவிய தண்ணீர் ஊற்றினேன். அழுதும் இருக்கிறேன். வசந்தத்தில் உச்சியில் ஒரு துளிர் விட்டது, பிறகு இன்னொன்று. கோடையில் அது மேடையில் நின்ற நிற்பைப் பார்த்து, மீக்கே தன் விருந்தாளிகளையே கூட்டிவந்து காட்டினாள். ஜெயித்துவிட்டேன்!

அம்மாவுக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டேன்.

"நானுந்தான் ஒண்ணு வச்சிகீறேன்" என்றாள். "நீ அனுப்புன துட்டுல வூட்டுக்குள்ளயே கொழா வந்துட்ச்சி, தண்ணிக்கு இன்னா பஞ்சம்? குவார்ட்டர்ஸ்ல கேட்டு ஒரு கெள வாங்கியாந்தேன். உன்னுது இன்னா கலரு?"

"சிவப்பு, மஞ்சள்."

"என்னுதும் அதாண்டி!"

அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போய், அம்மாவின் குரோட்டன்ஸுக்கு டியூபைப் பிடித்துத் தாராளமாகத் தண்ணீர் விட்டேன். விட்டுக்கொண்டே, அங்கே என் செடிக்கு மீக்கே ஊற்றினாளோ இல்லையோ என்று தவித்துக்கொண்டிருந்தேன்.